கல்லாப்பெட்டி பிள்ளைகள் கையில்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளிப் பிள்ளைகளிடம் தொழில்முனைவுத் திறனை வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பதில்களில் வரும் விலைகள் கணக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு, 42 பிள்ளைகள். வாரம் ஒரு பாடவேளைதான் ஒதுக்க முடியும். பள்ளிச் சந்தை ஒன்று நடத்த ஆசை. எந்தக் குழுவை என்ன பொருள் செய்யச் சொல்வது என்பதிலேயே குழப்பமாக இருக்கிறது.
*பட்டதாரி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்*

பொருளை நீங்கள் சொல்லாதீர்கள். ஆசிரியர் பொருளைச் சொன்ன அந்த நிமிடமே அது கைவினை வகுப்பாகிவிடும். எதைச் செய்வது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயிற்சியின் பாதி.

குழுவுக்கு ஆறு பேராக ஏழு குழுக்கள் பிரியுங்கள். எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் பொருள் என்ற பேச்சே வேண்டாம். ஒவ்வொரு குழுவும் பதினைந்து பேரிடம் போய்ப் பேசி, கேட்டதை நோட்டில் எழுதி வரட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி, பூக்கடைக்காரர், சத்துணவு அமைப்பாளர், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்று யாராகவும் இருக்கலாம்.

என்ன கேட்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். "நாங்க பேப்பர் பை செஞ்சா வாங்குவீங்களா?" என்று பிள்ளைகள் கேட்டால், எதிரில் இருப்பவர் முகம் வாடக்கூடாது என்பதற்காக "ஓ, வாங்குவேனே" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை நம்பி ஐம்பது பை செய்தால் நாற்பது மிஞ்சும். நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள்: "போன வாரம் இதை எங்கே வாங்கினீங்க? எவ்வளவு கொடுத்தீங்க? அதில் என்ன குறை?" ஏற்கெனவே காசு செலவழித்த இடத்தில்தான் தேவை இருக்கிறது. இதை ஒருமுறை வகுப்பிலேயே நடித்துக் காட்டுங்கள். இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

பொருள்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜூன் மாதம் ஒவ்வொரு வீட்டிலும் நோட்டுக்கு அட்டை போடும் வேலை இருக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அதற்கு நேரம் இல்லை. பிரவுன் ஷீட் ரோலும் லேபிளும் வாங்கி, நோட்டுக்கு இவ்வளவு என்று அட்டை போட்டுத் தருவது முழுமையான ஒரு தொழில். சீருடையில் அறுந்த பட்டன் தைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். ஆண்டு முழுக்க ஆள் வருவார்கள்.

மூன்றாம் வாரம் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். நான்காம் வாரம் ஒரே ஒரு மாதிரி செய்து, முன்பு பேசிய பதினைந்து பேரில் ஐந்து பேரிடம் காட்டிக் குறை கேட்கட்டும். ஐந்தாம் வாரம் அடக்க விலை. ஆறில் தயாரிப்பு, ஏழில் விற்பனை. எட்டாம் வாரம் கணக்கு முடிப்பது. சந்தை முடிந்த சந்தோஷத்தில் பெரும்பாலும் கைவிடப்படுவது இந்த எட்டாம் வாரம்தான். தயவுசெய்து அதை விடாதீர்கள்.

முதலுக்கு உச்சவரம்பு வையுங்கள். ஆளுக்கு 20 ரூபாய், குழுவுக்கு 120. அதற்குமேல் வசதியுள்ள வீட்டிலிருந்து ஒரு பைசா வரக்கூடாது. இல்லாவிட்டால் எந்தக் குழுவில் கடைக்காரர் பிள்ளை இருக்கிறாரோ அந்தக் குழுதான் ஜெயிக்கும். 20 ரூபாயும் கொண்டுவர முடியாத பிள்ளைகளுக்காக, தலைமையாசிரியர் அனுமதியோடு பள்ளியே எல்லாக் குழுக்களுக்கும் ஒரே தொகையைக் கடனாகக் கொடுப்பது இன்னும் நல்லது. கடன் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், எட்டாம் வாரம் திரும்ப வாங்குங்கள்.

கேள்வி: போன ஆண்டு எங்கள் பள்ளிச் சந்தையில் எல்லாக் குழுவும் லாபம் என்றுதான் சொன்னார்கள். சுண்டல் விற்ற குழுவுக்கு 110 ரூபாய் லாபமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கே தப்பு?
*கணித ஆசிரியர், தஞ்சாவூர்*

உங்கள் சந்தேகம் சரி. அந்தக் குழு போட்ட கணக்கு அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும்: ஒரு கிலோ கொண்டைக்கடலை 110 ரூபாய். ஊறி வெந்தபின் 2 கிலோ 200 கிராம் வந்தது. 100 கிராம் வீதம் 22 தொன்னை, ஒன்று 10 ரூபாய், ஆக 220. கடலை போக மிச்சம் 110.

இப்போது விட்டுப்போனதைச் சேர்ப்போம். தேங்காய் ஒன்று 35. எண்ணெய், கடுகு, மிளகாய், உப்பு 15. கேஸ் 15. தொன்னை ஒன்று 1 ரூபாய் வீதம் 22. கடலையையும் சேர்த்தால் அடக்கம் 197. "ருசி பாரு" என்று நண்பர்களுக்குக் கொடுத்தது மூன்று தொன்னை. மீதி 19 தொன்னைக்கு வந்தது 190. ஆக 7 ரூபாய் நஷ்டம். இன்னும் அம்மா நான்கு மணிக்கு எழுந்து வேகவைத்ததற்குக் கூலி போடவில்லை.

தவறு கணிதத்தில் இல்லை. வீட்டிலிருந்து வந்தது இலவசம் என்ற எண்ணத்தில் இருக்கிறது. அதற்கு வழி, கணக்கு நோட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுவது. தேதி, பொருள், அளவு, தொகை, யார் கொடுத்தது என்ற ஐந்து பத்திகளோடு "வீட்டிலிருந்து வந்தது, கடை விலை" என்று ஆறாவது பத்தி. அரைமுடித் தேங்காய் வந்தாலும் அதில் ஏற வேண்டும். சந்தை முடிந்ததும் முதலில் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகையை வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா வாங்க மறுத்தாலும் கொடுக்கட்டும். அப்போதுதான் அந்தச் செலவு பிள்ளைகள் மனதில் செலவாகப் பதியும்.

அடுத்து "இதை எப்படி லாபமாக்கலாம்?" என்று குழுவிடமே கேளுங்கள். 12 ரூபாய்க்கு விற்கலாம் என்பார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் 8 ரூபாய் மீதி கொடுக்கச் சில்லறை எங்கே? தொன்னைக்கு 80 கிராம் என்று குறைத்தால் 27 தொன்னை வரும். தொன்னைச் செலவு 5 ரூபாய் ஏறி அடக்கம் 202, விற்பனை 270. ருசி பார்க்க மூன்று போனாலும் 240. லாபம் 38. இப்படி ஒரே பொருளுக்கு மூன்று கணக்குப் போட வைப்பது, புத்தகத்தில் உள்ள முப்பது லாப நஷ்டக் கணக்குக்குச் சமம். (பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பில் கொடுக்க வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் உண்டு.)

கல்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் சில்லறையாக வைக்கும் பணம் விற்பனை அல்ல. பத்து ரூபாய்த் தாள் 12, ஐந்து ரூபாய் நாணயம் 16 என்று 200 ரூபாய் வைத்தால், அதைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். மாலையில் எண்ணியதிலிருந்து முதலில் அந்த 200-ஐ எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை எண்ண வேண்டும். பல குழுக்களின் பெரும் லாபம் இந்த இடத்தில் காணாமல் போகும். விற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்குக் கோடு என்று ஒருவர் தனியாகப் போட்டுக்கொண்டே வரட்டும். கோட்டின் எண்ணிக்கையும் கல்லாவும் ஒத்துப்போகாவிட்டால், எங்கே வித்தியாசம் என்று தேட வையுங்கள். உங்கள் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள்.

யுபிஐ வசதி கேட்பார்கள். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் வாங்கினால் எது யாருடையது என்று அன்று மாலையே குழப்பம் வரும். முதல் சந்தையை ரொக்கத்தில் மட்டும் நடத்துங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் பேனாவும் ஸ்டிக்கரும் வாங்கி வகுப்பில் விற்கிறான். வகுப்பாசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். படிப்பில் கவனம் சிதறும் என்று பயமாக இருக்கிறது. ஆனால் அவன் ஆர்வத்தை அடக்கவும் மனம் வரவில்லை.
*ஒரு தாய், மதுரை*

அடக்க வேண்டாம். ஆனால் அவன் என்ன செய்கிறான் என்பதை நெருங்கிப் பாருங்கள்.

முதலில் விலை. பொதி செய்யப்பட்ட பொருளில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. 10 ரூபாய் பேனாவைப் பரீட்சை நாளில் 15-க்கு விற்றால் அவசரத்தில் நண்பர்கள் வாங்கிவிடுவார்கள். அதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் யாரும் பாராட்டிவிடாதீர்கள். அவன் லாபம் மொத்த விலைக்கும் அச்சிட்ட விலைக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் மொத்தக் கடைகளுக்குக் குறைவே இல்லை. அவனோடு ஒருமுறை போய், ஒன்று வாங்கினால் என்ன விலை, டஜன் வாங்கினால் என்ன விலை, பெட்டியாக வாங்கினால் என்ன விலை என்று அவனையே கேட்க வையுங்கள்.

இரண்டாவது கடன். வகுப்பில் "நாளைக்குத் தர்றேன்" என்று வாங்கியவர்கள் பட்டியல் அவனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளி வியாபாரத்தில் சண்டை முளைப்பது இங்கேதான். கடன் கிடையாது என்ற ஒரே விதி போதும். தன்னைவிடச் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் விற்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுக்கத் தெரியாத வயதில் இருப்பவரிடம் தள்ளிவிடுவது விற்பனையில் சேராது.

மூன்றாவது, வகுப்பாசிரியர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாடவேளையில் வியாபாரம் நடந்தால் வகுப்பு நடக்காது. மகனே போய், வாரத்தில் ஒருநாள் உணவு இடைவேளையில் மட்டும் விற்க அனுமதி கேட்கட்டும். கிடைக்காவிட்டால் தெருவில், விடுமுறை நாளில் செய்யலாம். அனுமதி கேட்டுப் பேசிப் பழகுவதும் தொழில் கற்பதில் சேர்ந்ததே.

மூன்று மாதம் கணக்கு எழுதினால் அவன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். பத்து வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும்.

கேள்வி: பிள்ளைகள் பொருள் செய்து விற்றால் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் சிக்கல் வருமா? உணவுப் பொருளுக்கு உரிமம் வேண்டுமா?
*தலைமையாசிரியர், கடலூர் மாவட்டம்*

பாடத்தின் பகுதியாக, பள்ளி மேற்பார்வையில், கூலி இல்லாமல் நடக்கும் பயிற்சியை யாரும் வேலைக்கு அமர்த்துவதாகச் சொல்ல முடியாது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவரை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக்கூடாது. பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டிய எல்லை ஒன்றுதான்: வெளிக் கடைக்காரர் யாராவது "பிள்ளைங்க பாக்கெட் போட்டுத் தரட்டும், பள்ளிக்கு நன்கொடை தர்றேன்" என்று வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்போது அது பயிற்சி அல்ல, அவருடைய வேலை.

18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருவது. ஆகவே முன்பணம் வாங்கும் பெரிய ஆர்டர், வாடகை, கடன் எதுவானாலும் பெரியவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பள்ளிக்குள் ஒருநாள் சந்தைக்கு உணவு என்றால், அன்று காலை வீட்டில் சமைத்த, சீக்கிரம் கெடாத பண்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி, பால் சேர்த்தது, கிரீம் தடவியது வேண்டாம். தேங்காய் துருவிப் போட்ட சுண்டலைக்கூட பதினொரு மணிக்குள் விற்று முடிக்க வேண்டும். வெளியில் தொடர்ந்து விற்பதாக இருந்தால் பெற்றோர் பெயரில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு செய்யுங்கள். 2020-இல் வந்த விதிகளின்படி கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது. சிப்ஸ் பொரித்து விற்க நினைக்கும் குழுவுக்கு இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் வணிகவியல் மாணவி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மஞ்சப்பை தைத்து விற்கப்போகிறோம். அம்மாவுக்குத் தையல் தெரியும். ஒரு பை 65 ரூபாய்க்கு விற்றால் கட்டுப்படியாகுமா? 20 பையிலிருந்து தொடங்கலாம் என்று திட்டம்.
*மாணவி, ஈரோடு மாவட்டம்*

நல்ல ஊரில் இருக்கிறீர்கள். துணியை மீட்டர் கணக்கிலேயே ஒப்பிட்டு வாங்கலாம்.

துணியிலிருந்து தொடங்குவோம். 36 அங்குல அகலக் காடாத் துணி (வெளுக்காத பருத்தித் துணி) ஒரு மீட்டர் வாங்கினால் நீளம் 39 அங்குலம். உடனே வெட்டாதீர்கள். காடா தண்ணீர் பட்டால் சுருங்கும். நனைக்காமல் தைத்த பை முதல் துவையலிலேயே கோணிக்கொண்டு வரும், வாங்கியவர் மறுபடி வரமாட்டார். ஓர் இரவு ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபின் அளந்தால் ஏறக்குறைய 37½-க்கு 34½ அங்குலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 15 அங்குலமாக இரண்டு துண்டு. அவை இரண்டு பைக்கு உடல். மிஞ்சிய 7½ அங்குலத்தில் 3 அங்குலப் பட்டை இரண்டு. ஒவ்வொன்றையும் பாதியாக்கினால் நான்கு கைப்பிடி. உடல் துண்டை இரண்டாக மடித்து, வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்து, பக்கவாட்டில் அரை அங்குலம் விட்டுத் தைத்தால் 14-க்குப் பதினைந்தே முக்கால் அங்குலப் பை வரும். ஒரு மீட்டருக்கு இரண்டு பை, வீண் அநேகமாக இல்லை. கைப்பிடி சேரும் இடத்தில் சதுரம் தைத்து, நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி போல் தைக்கச் சொல்லுங்கள். பை அறுவது எப்போதும் அங்கேதான்.

இனி விலை. துணி மீட்டர் 64 என்றால் பைக்கு 32. அம்மாவின் தையல் கூலி 12. நூல் 1. அச்சு மை 2. ஆக 47. அம்மாவின் கூலியை எழுதாமல் விடாதீர்கள். விற்றதும் கையில் கொடுங்கள். நாளைக்கு அம்மாவுக்கு முடியாமல் போய், வெளியில் தைக்கக் கொடுத்தால் அந்த 12 ரூபாய் உண்மையிலேயே வெளியே போகும்.

65-க்கு விற்றால் பைக்கு 18 மிஞ்சும். ஆனால் பெயர் அச்சிட ஸ்கிரீன் செய்ய வேண்டுமே, அது 400 ரூபாய் என்று வைத்தால்? ஒரு பை செய்தாலும் நூறு பை செய்தாலும் அந்த 400 மாறாது. 400-ஐ 18-ஆல் வகுத்தால் 22-க்குச் சற்று மேல். அதாவது 23-வது பையில்தான் முதல் திரும்பும். 20 பை அத்தனையும் விற்றாலும் 40 ரூபாய் நஷ்டம். நீங்கள் பாடத்தில் படிக்கும் நிலைச் செலவு, மாறும் செலவு என்பது இதுதான்.

அதனால் முதல் 20 பைக்கு ஸ்கிரீன் வேண்டாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் எழுத்தை வெட்டி, பையின் மேல் வைத்து, துணிக்கான பெயிண்டை ஸ்பாஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். ஸ்பாஞ்சில் பெயிண்ட் அதிகமானால் ஃபிலிமுக்கு அடியில் கசிந்து எழுத்து ஊறிவிடும். ஒற்றுவதற்கு முன் ஒரு பழைய துணியில் தட்டிக்கொள்ளுங்கள். ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, உட்புறம் வழியாக இஸ்திரி போட்டால்தான் சாயம் நிற்கும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. 65 ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள்? 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபின் பையைப் பற்றிய நல்லெண்ணம் ஊரில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எல்லா வீட்டிலும் கல்யாணத் தாம்பூலப் பை பத்து பதினைந்து இலவசமாகக் கிடக்கிறதே. உங்கள் போட்டி கடைப்பை அல்ல, அந்த இலவசப் பைதான். ஆகவே பையைத் தூக்கிப் போகிறவரைவிட, பையைக் கொடுக்கிறவரைத் தேடுங்கள். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் நடத்தும் வீடுகள், பள்ளி ஆண்டு விழா. அவர்களுக்குச் சிறிய பை போதும். அளவை மாற்றி அடக்கத்தை மறுபடி போடுங்கள்.

நூறு பை ஆர்டர் வந்தால் மகிழ்ச்சியில் உடனே தலையாட்டாதீர்கள். பைக்கு 20 நிமிடம் என்றால் நூறு பைக்கு 33 மணி நேரத்துக்கு மேல். அம்மா நாளுக்கு மூன்று மணி நேரம் தைத்தால் பன்னிரண்டு நாள். துணி நனைத்துக் காயவைக்க இரண்டு நாள், அச்சுக்கு இரண்டு நாள். பதினாறு நாளுக்குக் குறைவாக எந்தத் தேதியையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பாதிப் பணம் முன்பணமாக, அம்மா பெயரில் ரசீதோடு வாங்குங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுத் தேதிகளை நாட்காட்டியில் முன்பே வட்டமிட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறது. பிள்ளைகள் செய்த மாதிரிகள் கண்காட்சியில் பரிசு வாங்குகின்றன. பிறகு அலமாரியில் தூசி படிகின்றன. இதைத் தொழில்முனைவுப் பயிற்சியாக்க முடியுமா?
*அறிவியல் ஆசிரியர், கோவை*

முடியும். மத்திய அரசின் நிதி ஆயோக் அமைப்பு நடத்தும் அடல் புத்தாக்க இயக்கம் 2016-இல் இந்த ஆய்வகங்களைத் தொடங்கியபோதே, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை நிதி. கருவிக்குக் குறைவில்லை, பயன்படுத்தப் போகிறவர்தான் அறைக்குள் வருவதில்லை.

பார்வையற்றவருக்கான சென்சார் கைத்தடி இல்லாத பள்ளிக் கண்காட்சி அபூர்வம். அதைச் செய்த எத்தனை குழுக்கள் பார்வையற்ற ஒருவர் கையில் கொடுத்து ஒரு தெரு தூரம் நடந்து பார்த்திருக்கும்? கொடுத்திருந்தால் தடியின் எடை, மழையில் நனைவது, சந்தைச் சத்தத்தில் பீப் ஒலி கேட்காதது எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு விதி போடுங்கள்: பயன்படுத்தும் ஒருவர் ஒரு வாரம் வைத்திருந்து குறை சொன்ன பிறகுதான் எந்த மாதிரியும் கண்காட்சிக்குப் போகலாம். அந்தக் குறைப்பட்டியலை மாதிரிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனமும் பள்ளிக் கல்வித் துறையும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டமும், சுற்றியுள்ள ஒரு சிக்கலைக் கண்டுபிடிப்பதிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பிள்ளைகளைக் குழுவாக அதில் சேர்த்துவிடுங்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-இல் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை முதலாகக் கொடுத்துக் குழுவாகத் தொழில் செய்ய வைத்தார்கள். அதில் எங்களுக்குப் பிடித்தது தொகை அல்ல. மாதிரியோடு நிற்காமல், பணத்தைப் போட்டு விற்றுப் பார்க்கும் கட்டம் வரை பிள்ளைகளைக் கொண்டுபோனதுதான்.

கேள்வி: குழுக்களில் பையன்கள் விற்கிறார்கள், பெண் பிள்ளைகள் கணக்கும் அலங்காரமும் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. கூச்ச சுபாவமுள்ளவர்களை என்ன செய்வது?
*ஆசிரியை, தூத்துக்குடி*

தானாகப் பிரிய விடாதீர்கள். கொள்முதல், தயாரிப்பு, விற்பனை, கல்லா, கணக்கு என ஐந்து பொறுப்பையும் சீட்டில் எழுதி, சந்தை நாளில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். கல்லா கைமாறும்போது இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். கூச்சப்படும் பிள்ளையை மேடையேற்றிப் பேச வைப்பதால் கூச்சம் போகாது. முதலில் தெரிந்த ஒரே ஒருவரிடம் விற்கட்டும், பிறகு தெரியாத ஒருவரிடம். பொருளைப் பற்றி அவரே எழுதிய மூன்று வரி கையில் இருந்தால் போதும். அதிகம் பேசாத பிள்ளைகள் வாங்குபவர் சொல்வதை முழுதாகக் கேட்பார்கள். முதல் இரண்டு வாரத் தேடலுக்கு அவர்களைத்தான் முன்னால் அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஒரு குழு கார்த்திகைக்கு 200 அகல் விளக்கு, ஒன்று 3 ரூபாய் வீதம் வாங்கி, 250 ரூபாய்க்குப் பெயிண்டும் பிரஷும் வாங்கி வண்ணம் தீட்டியது. 22 உடைந்தன. 70 விளக்கு 10 ரூபாய் வீதம் விற்றது. 108 மிச்சம். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். ஒரு பெற்றோர் நஷ்டம் முழுவதையும் தானே தந்துவிடுகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
*வகுப்பாசிரியை, விழுப்புரம் மாவட்டம்*

வாங்காதீர்கள். அவர் மனசு நல்ல மனசு, நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். செலவு 850, வரவு 700, நஷ்டம் 150. ஆறு பேர் குழுவென்றால் ஆளுக்கு 25 ரூபாய். ஒரு பிள்ளை தாங்கக்கூடிய நஷ்டம்தான். நஷ்டம் அந்த அளவைத் தாண்டிவிடக்கூடாது என்றுதான் முதலுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்கிறோம். பெரியவர் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டால், ஏன் விற்கவில்லை என்று அவர்கள் யோசிக்கவே மாட்டார்கள்.

அழுது முடித்தபின், ஒரு நாள் விட்டு, அதை யோசிக்க வையுங்கள். எப்போது விற்றார்கள்? கார்த்திகைக்கு முதல் நாள் என்றால், அதற்கு முந்தைய வாரமே தள்ளுவண்டியில் எல்லாரும் வாங்கியிருப்பார்கள். எப்படி விற்றார்கள்? ஒவ்வொன்றாக. ஆனால் வீட்டில் அன்று ஏற்றுவது பன்னிரண்டு, இருபத்தேழு என்ற கணக்கில். 27 விளக்குக்கு 270 ரூபாய் என்றதும் கை பின்வாங்கும். ஆறு விளக்குப் பெட்டி 45 ரூபாய், வாசலுக்கும் பூஜையறைக்கும் மட்டும் என்று விற்றிருந்தால் கதை வேறு. உடைந்த 22-க்குக் காரணம் அடுக்கிய விதம். இடையில் வைக்கோலோ செய்தித்தாளோ வைத்தார்களா என்று கேளுங்கள்.

மிச்சம் 108-ஐக் கணக்கில் 10 ரூபாய் வீதம் 1,080 என்று எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்காத சரக்குக்கு விற்பனை விலை கிடையாது. வாங்கிய 3 ரூபாய்க்கு மேல் மதிப்புப் போட வேண்டாம்.

அந்தச் சரக்குக்கு இன்னும் ஒரு காலம் இருக்கிறது. அடுத்து மார்கழி. விடியற்காலையில் வாசல் கோலத்தின் நடுவில் அகல் வைக்கும் தெருக்கள் உங்கள் ஊரிலும் இருக்கும். மூன்று விளக்கும் ஒரு சிறு பொட்டலம் கோலப்பொடியும் சேர்த்து 20 ரூபாய். பொடிக்கும் பொட்டலத்துக்கும் 5 ரூபாய் போனால் 15 நிற்கும். பத்துப் பொட்டலம் விற்றாலே அந்த 150 ரூபாய் நஷ்டம் ஈடாகிவிடும். மொத்தம் 36 பொட்டலம் வரும். விற்பதற்கு முன் இரண்டு விளக்கை எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் எரித்துப் பார்க்கட்டும். உட்புறமோ திரி வைக்கும் மூக்கிலோ பெயிண்ட் பட்டிருந்தால் கருகி நாற்றம் வரும். அந்த விளக்குகளைத் தனியே எடுத்து, மூக்கை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். மார்கழி முதல் வாரத்தில், பெரிய கோலம் போடும் தெருக்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு பெரியவர் துணையோடு போகச் சொல்லுங்கள். மறுநாள் கோலத்துக்கு என்ன வேண்டும் என்று வீட்டில் யோசிக்கும் நேரம் அது.